பூனைக்காக அழுதவர்கள்

போன மாதம் நண்பர் வீட்டு மாடியில் ஒரு டேனிஷ் படம் பார்த்தோம். பார்த்தவர்கள் ஏழு பேர். எல்லோருமே பென்ஷன்காரர்கள். அத்தனை பேருக்குமாகச் சேர்த்து இரண்டு பைபாஸ், எட்டுக் கண்புரை ஆபரேஷன், காது மெஷின் மூன்று. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். பஜ்ஜி வந்தது. கூடவே அபிப்பிராயங்களும் வந்தன. பஜ்ஜியை ஜீரணித்துவிட்டேன். அபிப்பிராயங்கள் இன்னும் நெஞ்சைக் கரித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆறு பேரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

படத்தின் பெயர் ‘ஆடம்ஸ் ஆப்பிள்ஸ்’. 2005-இல் வந்தது. எழுதி இயக்கியவர் ஆண்டர்ஸ் தாமஸ் யென்சன். குறும்படத்துக்காக 1999-இல் ஆஸ்கார் வாங்கியவர். இந்தப் படத்துக்கு அவர்கள் நாட்டில் சிறந்த படத்துக்கான ராபர்ட் விருது கிடைத்தது. ஆஸ்காருக்கும் டென்மார்க் இதைத்தான் அனுப்பியது, பரிந்துரைப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆடம் என்பவன் நவநாஜி. மொட்டைத்தலை ரவுடிக் கூட்டத்துக்குத் தலைவன். தண்டனையின் கடைசிப் பகுதியைக் கழிக்க அவனைக் கிராமத்துத் தேவாலயம் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அங்கே இவான் என்ற பாதிரியார். ஏற்கெனவே அவரிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் குடித்துக் குடித்துப் பருத்துப்போன பழைய டென்னிஸ் வீரன் குன்னார். இன்னொருவன் பெட்ரோல் பங்குகளைக் கொள்ளையடிக்கும் காலித். இரண்டு பேருமே திருந்திவிட்டதாக இவான் நம்புகிறார். ஒருவரும் திருந்தவில்லை. ஆடம் தன் அறையில் ஹிட்லர் படத்தை மாட்டுகிறான். இவான் அதைப் பார்த்துவிட்டு, உன் அப்பாவா என்று கேட்கிறார். இங்கே உனக்கு ஒரு லட்சியம் வேண்டுமே, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், ஆடம் கேலியாக, ஆப்பிள் கேக் சுடப் போகிறேன் என்கிறான். இவான் அதை அப்படியே குறித்துக்கொள்கிறார். தேவாலயத்து முற்றத்தில் ஓர் ஆப்பிள் மரம். அன்றிலிருந்து அது ஆடமின் பொறுப்பு. முதலில் காக்கைகள் வருகின்றன, பிறகு புழு, அதன் பிறகு இடி.

இவானின் மனைவி தற்கொலை செய்துகொண்டவள். இவான் அதை விபத்து என்கிறார். மகன் சக்கர நாற்காலியில், கை கால் அசைக்க முடியாமல், பேச்சில்லாமல் இருக்கிறான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். அவருடைய மூளையிலேயே ஒரு கட்டி. அதுவும் இல்லை என்கிறார். ஆடம் அவர் முகத்தை அடித்து நொறுக்குகிறான். ரத்தம் காய்ந்த முகத்தோடு மனிதர் தம் வேலையைப் பார்க்கிறார். இது ஆடமுக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது இந்த ஆளிடம் உண்மையை ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டும் என்று கிளம்புகிறான். பைபிள் அவன் அறையில் விழும்போதெல்லாம் யோபுவின் பக்கத்தில்தான் திறக்கிறது. அதைப் படிக்கிறான். இவானிடம் போய், உன்னைச் சோதிப்பது சாத்தான் இல்லை, உன் கடவுளேதான் உன்னை வெறுக்கிறார் என்கிறான். இவானின் காதிலிருந்து ரத்தம் வழிகிறது. மனிதர் சாகப் படுத்துவிடுகிறார்.

மீதியைச் சொல்ல மாட்டேன் என்று நினைத்தேன். ஆனால் நண்பர்களின் அபிப்பிராயங்களில் பாதி அந்த முடிவைப் பற்றித்தான். எனவே சொல்லித்தான் ஆக வேண்டும். சண்டை ஒன்றில் இவானின் கண்ணில் குண்டு பாய்கிறது. பாய்ந்த குண்டு மூளைக் கட்டியைக் கொண்டுபோய்விடுகிறது. பிழைத்துக்கொள்கிறார்.

இப்போது அபிப்பிராயங்களுக்கு வருகிறேன்.

எங்களில் ஒருவர் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். அவர் சொன்னது: “பாதிரியாரைப் பைத்தியக்காரனா காட்டி, எங்க மதத்தையே கேவலப்படுத்திட்டான்.” அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் பழைய பகுத்தறிவுக்காரர், நாற்பது வருஷமாகக் கறுப்புச் சட்டை. அவர் சொன்னது: “கடைசியில அற்புதத்தைக் காட்டி ஏமாத்திட்டான். இது சுத்த மதப் பிரசாரம்.” இரண்டு பேரும் ஒரே படத்தை, ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பார்த்தவர்கள். முப்பத்தாறு வருஷம் நான் குமாஸ்தா வேலை பார்த்தேன். ஒரே கோப்பில் இப்படி இரண்டு குறிப்பு வந்தால், மேலதிகாரி இரண்டையும் அடித்துவிட்டு ‘கோப்பைப் படித்துவிட்டுத் திரும்பச் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதுவார். நானும் அதையேதான் எழுதுகிறேன்.

கேவலப்படுத்திவிட்டான் என்கிறவருக்கு ஒரு விஷயம். டென்மார்க்கில் லூத்தரன் சபை அரசு ஆதரவில் நடப்பது. அவர்கள் அரசியல் சட்டத்திலேயே அது இருக்கிறது. அதற்கென்று அமைச்சகம் உண்டு. அங்கே பாதிரியார் என்பவர் ஏறக்குறைய நம்மைப்போல ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர். மக்களில் பெரும்பான்மையோர் அந்தச் சபையில் உறுப்பினர்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் காலி. 2003-இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே தார்பெக் என்ற ஊரின் பாதிரியார் ஒருவர், உலகத்தைப் படைத்துக் காக்கும் கடவுள் ஒருவர் இருப்பதாகத் தாம் நம்பவில்லை என்று பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். பணியிடை நீக்கம், விசாரணை, மறுபடி வேலை, மறுபடி நீக்கம் என்று நம் ஊர் இலாகா விசாரணை போலவே அது இழுத்தது. சபையோரில் பலர் அவர் பக்கம் நின்றார்கள். நம்பாத பாதிரியாரைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த நாட்டில், இரண்டு வருஷம் கழித்து, அளவுக்கு மீறி நம்புகிற பாதிரியாரைப் பற்றி ஒருவர் படம் எடுத்தால் அதற்கு என்ன பொருள் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? தெரு முனைப் பிரசங்கிக்கும் இவானுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல், அங்கி போட்டவன் அடி வாங்கினாலே மதத்துக்கு அவமானம் என்றால், சிலுவையில் தொங்குகிறவரைப் பற்றி என்ன சொல்வது?

பிரசாரம் என்கிற கறுப்புச் சட்டைக்கு ஒரு கேள்வி. அற்புதத்தை நம்ப வைக்க நினைக்கிறவன், கண்ணில் குண்டு பாய்ச்சிக் கட்டியை எடுப்பானா? இதைவிட அபத்தமான அற்புதத்தைக் கற்பனை செய்ய முடியுமா? ‘சரி, உங்களுக்கு அற்புதம்தானே வேண்டும், இந்தாருங்கள்’ என்று முகத்தில் விட்டெறிகிற மாதிரி அல்லவா இருக்கிறது! வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பரோ, அது மருத்துவ ரீதியாக சாத்தியமா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். தம் மருமகனிடம் கேட்டாராம், மருமகன் டாக்டர். யோபுவுக்கு ஆடு மாடெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததற்கு அவர் ரசீது கேட்டாரா?

இந்த வகைச் சிரிப்புக்குப் பிரெஞ்சில் ‘உய்மூர் நுவார்’ என்பார்கள், கறுப்பு நகைச்சுவை. அந்தப் பெயரில் ஒரு தொகை நூலை அந்த்ரே ப்ரெத்தோன் 1940-இல் அச்சிட்டார். விஷி அரசாங்கம் அதை வெளியே விடவில்லை. சிரிப்பு கறுப்பாக இருந்தால் சர்க்காருக்குப் பயம். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ப்ரெத்தோன் எல்லாம் வைக்கவில்லை. வோல்தேர் வைத்தார்கள். 1759-இல் வந்த ‘காந்தீத்’. அதில் பாங்லோஸ் என்ற வாத்தியார் வருவார். நோயில் மூக்கு போகும், தூக்கில் போடுவார்கள், லிஸ்பன் நகரமே பூகம்பத்தில் இடிந்து விழும். அவர் மட்டும், எல்லாம் நல்லதற்கே என்பார். ஆரம்பத்தில் நானும் இவானைப் பார்த்து, அடடே நம்ம பாங்லோஸ் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் ஆனதும் அந்த நினைப்பைக் கைவிட்டேன். பாங்லோஸ் ஒரு தத்துவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறார். இவான் பொய் சொல்வது மறுநாள் காலை எழுந்து, மகனின் நாற்காலியைத் தள்ளுவதற்காக. இரண்டும் ஒன்றா?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தீர்ப்பு ஒரே சொல்: “அருவருப்பு.” ஊனமுற்ற பிள்ளையை வைத்துச் சிரிக்கிறார்களே என்றார். ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காட்சியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், அப்பன் அவன் ஓடியாடுகிறவன்போலப் பேசுகிறான். சிரிப்பு வருவது அப்பனின் பேச்சில். வந்த சிரிப்பு பாதியில் தொண்டையில் நின்றுவிடுகிறது. நீங்கள் அருவருப்பு என்று சொன்னது, உங்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டதால். நான் உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன், நாற்காலி குலுங்கியது எனக்குத் தெரியும்.

ஒரு காட்சியில் காலித் மரத்தில் இருக்கும் காக்கைகளைச் சுடுகிறான். குன்னாரின் பூனையும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. அந்த இடத்தில் மாடியில் எழுந்த ஓலத்தைக் கேட்க வேண்டுமே! “ஐயையோ பூனை!” என்று மூன்று பேர். அதுவரை ஒரு பெண்ணின் தற்கொலையைக் கேட்டோம். சின்ன வயதில் இவானுக்கும் அவர் சகோதரிக்கும் பெற்ற தகப்பனே செய்த கொடுமையை மருத்துவர் ஏதோ வானிலை அறிக்கை வாசிப்பதுபோல வாசித்ததைக் கேட்டோம். ஒருவர்கூட உச்சுக்கொட்டவில்லை. பூனை விழுந்ததும் கண்ணைத் துடைக்கிறார்கள். யென்சன் இதை எதிர்பார்த்துத்தான் பூனையை மரத்தில் ஏற்றியிருப்பார் என்பது என் சந்தேகம்.

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. காலித் உடைந்த டேனிஷ் பேசுவதையே வேடிக்கையாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் ‘சொல்தா’வாகப் போன எங்கள் தெருக்காரர்கள் பேசிய பிரெஞ்சைக் கேட்டு அங்கே எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு பெண் பாத்திரம், சாரா. அவளையும் குடிக்க வைத்து அழ வைத்ததோடு சரி. இதையெல்லாம் யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. பூனை, பூனை, பூனை!

இன்னொன்று சொல்ல வேண்டும், தமிழ்க்காரர்களுக்கு இந்தப் படம் அந்நியம் என்ற பேச்சுக்காக. ‘எங்கேயோ பனியில் இருக்கிறவன் கதை நமக்கெதுக்கு’ என்று ஒருவர் கேட்டார். டேனிஷ்காரன் 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்தவன். 1845-இல் ஆங்கிலேயனுக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, நம் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே கோட்டை கட்டிக்கொண்டு இருந்தவன். அவன் ராஜா அனுப்பிய சீகன்பால்கு ஜெர்மானியர். பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் தமிழாக்கிவிட்டு 1719-இல் இறந்துபோனார். மிச்சத்தை முடித்தவர் ஷுல்ட்ஸே. ரூத்துக்குப் பின்னால் வருவதுதான் யோபு. எனவே யோபுவின் கதையைத் தமிழில் முதலில் அச்சுக் கோர்த்தது அந்த டேனிஷ் மிஷன் அச்சுக்கூடம்தான், 1720-களில். இந்தக் கதையை நமக்கு அச்சிலே கொண்டுவந்து கொடுத்தவர்களே அவர்கள். மதம் எதுவானாலும், சோதனைக்கு மேல் சோதனை வருகிற மனிதன் கதை அரிச்சந்திரன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதும் அல்ல. சுடுகாட்டுக் காட்சியில் ஊரே அழும்போது கட்டியங்காரன் நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்வான், அழுகிற ஜனம் சிரிக்கும், பிறகு மறுபடி அழும். அவனை யாரும் அருவருப்பு என்று சொன்னதில்லை.

கடைசி அபிப்பிராயம்தான் என்னை இதை எழுத வைத்தது. சொன்னவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “அந்தப் பாதிரியார உக்கார வச்சு, யாராவது ஒருத்தன் ஆரம்பத்துலயே உண்மைய உடைச்சுச் சொல்லியிருந்தா இவ்வளவு கூத்து இல்ல” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மனைவி மட்டும் பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஆறு வயது மூத்தவள் என் அக்கா. அவளுடைய மூத்த பையன் 1971-இல் பிறந்தான். பிரசவம் தாமதமாகி, மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை. கழுத்து நிற்கவில்லை. பேச்சும் வரவில்லை. கையும் காலும் விறைத்தே இருந்தன. அக்கா அவனைச் சமையல் கட்டிலேயே ஒரு ஓரமாகச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் அவனோடு பேசிக்கொண்டே வேலை செய்வாள். “பாருடா, உங்கப்பா கத்திரிக்காய் வாங்கியாந்திருக்காரு, அத்தனையும் சொத்தை. நீ பெரியவனாயி மார்க்கெட்டுக்குப் போ, அப்பத்தான் நமக்கு நல்ல காய் கிடைக்கும்.” இப்படி. தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்குப் புதுச் செருப்பு வாங்குவாள், அளவு பார்த்து. கேட்டால், அடுத்த வருஷம் நடப்பான், அப்போது ஓடி வாங்க முடியுமா என்பாள்.

1982-இல் அவன் கேஸ் கட்டை என்னிடம்தான் கொடுத்திருந்தாள். ஆங்கிலத்தில் டாக்டர் எழுதியதை எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்த வயதில் எனக்கு உண்மை என்றால் ஒரு வெறி. கோப்பில் இருப்பது ஒன்று, வாயில் சொல்வது ஒன்று என்றால் தாங்காது. நேரே போனேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். “அக்கா, அவன் நடக்க மாட்டான். பேசவும் மாட்டான். எழுதியே குடுத்துட்டாங்க. இன்னும் எதுக்கு உன்னையே ஏமாத்திக்கிற?” என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. “சரி தம்பி, காப்பி குடிக்கிறியா?” என்றாள்.

அந்தத் தீபாவளிக்குச் செருப்பு வாங்கவில்லை. அது பரவாயில்லை. அவள் அவனோடு பேசுவதும் நின்றுபோயிற்று. ஊட்டுவாள், துடைப்பாள், படுக்க வைப்பாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்தச் சமையல் கட்டில் அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பையன் 1990-இல் போனான். பரண் மேலிருந்து பத்து ஜோடிச் செருப்பு இறக்கினோம். ஒன்றில்கூட அடி தேயவில்லை. அவன் கேஸ் கட்டில் எழுதியிருந்தது ஒவ்வொரு எழுத்தும் சரியாகத்தான் இருந்தது.

யோபுவுக்கு எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள். அவன் கோலத்தைப் பார்த்து ஏழு நாள் வாயே திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாளிலிருந்து ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார்கள். கதையின் முடிவில் கடவுளின் கோபம் யோபு மேல் வரவில்லை, அந்த மூன்று பேர் மேல்தான் வந்தது.

இவான் சொன்ன பொய்யெல்லாம் சரி என்று படம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பயந்துபோய் யோசனை கேட்க வந்த சாராவிடம், தன் மகன் மற்றப் பிள்ளைகளைப்போல இருப்பதாக இவான் சொல்வது பெரிய அக்கிரமம். படம் அதை மறைக்கவில்லை. ஆனால் உடைத்துச் சொன்னால் தீர்ந்தது என்கிறீர்களே, ஆடம் உடைத்துத்தான் சொன்னான். என்ன ஆயிற்று? இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஆடமாக நடித்த உல்ரிக் தாம்சன், 1998-இல் ‘ஃபெஸ்டன்’ என்ற படத்தில் நடித்தவர். தகப்பனின் அறுபதாவது பிறந்த நாள் விருந்தில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, அந்தத் தகப்பன் தனக்கும் தன் சகோதரிக்கும் செய்ததை உடைத்துச் சொல்கிற மகன் அவர்தான். அங்கே உண்மை வெளியே வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் எல்லோரும் செத்த பிணம். அதே ஆள், ஏழு வருஷம் கழித்து, அதே போன்ற உண்மையை இவானிடம் சொல்லும்போது ஒரு மனிதன் படுத்த படுக்கையாகிறான். ஒரே நாடு, ஒரே நடிகர், ஒரே குற்றம். சொல்கிறவன் யார், எதற்காகச் சொல்கிறான் என்பது மட்டும் மாறியிருக்கிறது. ஃபெஸ்டனில் சொல்கிறவன் தன் காயத்தைச் சொல்கிறான். ஆடம் அடுத்தவன் காயத்தைச் சொல்கிறான், தான் ஜெயிப்பதற்காக. நான் அக்கா வீட்டுக்குப் போனது எதற்காக என்று நாற்பது வருஷமாக எனக்கே ஒரு கேள்வி இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன நண்பருக்கு அது தெரியாது. தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த மாதம் படம் தேர்ந்தெடுக்கிற முறை என்னுடையது. ‘ஃபெஸ்டன்’ போடச் சொல்லியிருக்கிறேன். நேற்றுக் கடற்கரையில் தலைமையாசிரியரைப் பார்த்தேன். படத்தின் பெயரைச் சொன்னதும் நடையை நிறுத்திவிட்டு, காது மெஷினைத் திருகிக்கொண்டு கேட்டார்: “அதுல பூனை கீனை ஒண்ணும் சாகாதே?”